இரண்டாம் ஞாயிறு மாலைக்கு அரங்கத்தைத் திறந்து தாருங்கள்

எங்கள் ஊர் நூலகத்தின் பொறுப்பில் உள்ள அலுவலர்களுக்கும் நூல் தேர்வுக் குழுவினருக்கும், வணக்கம்.

சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறன்று எங்கள் வாசகர் வட்டத்துக்கு அரங்கம் மறுக்கப்பட்ட விவரம் தாங்கள் அறிந்ததே. மூன்று வாரம் முன்னதாகவே விண்ணப்பம் கொடுத்து, வாய்மொழியாக ஒப்புதலும் பெற்றிருந்தோம். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் தொலைபேசி வந்தது. "மாயாஜாலக் கதை எழுதுகிறவரைப் பற்றிப் பெரியவர்கள் கூடிப் பேச என்ன இருக்கிறது? வேண்டுமானால் கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கு நடத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லப்பட்டது. எழுத்தில் ஒரு வரிகூட வரவில்லை. அந்த ஒரு மாலையைத் திருப்பிக் கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

அன்று பேச இருந்தவர் கும்பகோணத்தில் ஒரு தங்கும் விடுதியில் இரவு நேர வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் இளைஞர். நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிறவர்கள் நள்ளிரவு வரை வந்து அறை கேட்பார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு வெந்நீர் கேட்டு மணி அடிப்பார்கள். இடையில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் அந்தத் தம்பி நாவல் எழுதுகிறார். இதுவரை இரண்டு எழுதி முடித்திருக்கிறார், இரண்டும் அச்சேறவில்லை. அவர் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனின் வாழ்க்கை.

ஏன் அவரை என்று நான் கேட்டபோது, "அவரும் ராத்திரி மேசைக்காரர்தான் டீச்சர்" என்றார். உண்மைதான். 1975-இல் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் பிறந்த சாண்டர்சன், கல்லூரியில் முதலில் உயிர்வேதியியல் எடுத்து, பின்னர் ஆங்கில இலக்கியத்துக்கு மாறியவர். படிக்கும் காலத்தில் ஒரு விடுதியில் இரவுப் பணியைத் தேடிச் சேர்ந்தார். ஆள் நடமாட்டம் ஓய்ந்த நேரத்தில் எழுதலாம் என்பதே அந்த வேலையை அவர் விரும்பியதற்குக் காரணம். முதல் நூல் வெளிவருவதற்கு முன்பே பன்னிரண்டுக்கும் குறையாத நாவல்களை எழுதிவிட்டார். 2005-இல் அச்சான "எலாண்ட்ரிஸ்" அவர் எழுதிய வரிசையில் ஆறாவது. அதன் கையெழுத்துப் படியைப் பதிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டு, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்தே ஆசிரியரிடமிருந்து பதில் பெற்றார். ஐந்து நாவல்களை எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டு ஆறாவதைத் தொடங்கிய மனிதரைப் பற்றி, இரண்டை எழுதிப் பெட்டியில் வைத்திருக்கும் ஒருவர் பேச வந்தார். இதில் சிறுவர்களுக்கு மட்டும் உரியது எது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அன்று இரவு இரண்டு மணி நேரம் தாமதமாகப் பணிக்கு வர அனுமதி வாங்குவதற்காக, உடன் வேலை செய்பவரின் பகல் முறையையும் சேர்த்து மூன்று நாள் அவர் இரட்டை வேலை பார்த்திருக்கிறார். கூட்டம் இல்லை என்று அவரிடம் சொல்ல நான் இரவெல்லாம் முயன்றும், பணி நேரத்தில் கைபேசியை அணைத்து வைக்க வேண்டும் என்பது அங்கே விதியாதலால், தொடர்பு கிடைக்கவில்லை. காலையில் ஊருக்குப் போய் அம்மாவையும் அழைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வந்துவிட்டார். மகன் மேடையில் பேசுவதை அந்த அம்மாள் பார்த்ததில்லை. அதற்காகவே பட்டுப்புடவை உடுத்தி வந்திருந்தார். குடமுருட்டிப் பாலத்தருகே இறங்கி நடந்து வந்த இருவரும், பூட்டிய அரங்கத்தின் படியில் எங்களோடு நின்றார்கள். தம்பியின் கையில் பதினெட்டுப் பக்கக் குறிப்பு இருந்தது. விடுதியின் பழைய வருகைப் பதிவேட்டுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியது. அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லை டீச்சர், ஆறு மணி வண்டியைப் பிடித்தால் வேலைக்கு நேரத்தோடு போய்விடுவேன்" என்றார். முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவள் நான். அன்று அந்த அம்மாளுக்குச் சொல்ல எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

அந்தக் குறிப்புகளைப் பிறகு வாங்கிப் படித்தேன். சாண்டர்சனின் "மிஸ்ட்பார்ன்" நாவலில் சிலர் உலோகத் துகளை விழுங்கி அதன் ஆற்றலைப் பெறுகிறார்கள். ஒவ்வோர் உலோகத்துக்கும் ஓர் ஆற்றல். உலோகம் தீர்ந்தால் ஆற்றலும் தீரும். கலப்பு விகிதம் பிசகினால் உடல் கெடும். இதை விளக்கத் தம்பி சுவாமிமலைப் பட்டறையை எடுத்துக்கொண்டிருக்கிறார். மெழுகு உருவின் மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகக் குழம்பை வார்க்கும் ஸ்தபதிக்குக் கலப்பின் அளவு எவ்வளவு முக்கியமோ, கதைக்குள் மாயத்தின் விதியும் அவ்வளவு முக்கியம் என்று எழுதியிருக்கிறார். மாயத்தின் எல்லையை வாசகர் எவ்வளவு தெளிவாக அறிகிறாரோ, அவ்வளவுக்குத்தான் அதைக்கொண்டு கதையின் சிக்கலை நிறைவாக அவிழ்க்க முடியும் என்பது சாண்டர்சனின் கொள்கை. பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய எழுத்து வகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பணி முடிந்து வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவற்றைக் கேட்டுக் கேட்டே தம்பி கற்றிருக்கிறார். கட்டணமின்றிக் கற்றதைக் கட்டணமின்றிப் பகிர வந்தவருக்கு நாம் கதவைத் திறக்கவில்லை.

மாயக்கதை நமக்கு அயலானது என்றும் சொல்லப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். புகார் நகரம் நம் காவிரி கடலில் கலக்கும் இடத்தில் இருந்தது. அங்கே பிறந்த மணிமேகலைக்கு வான்வழி செல்லவும் வேற்றுருக் கொள்ளவும் பசியை வெல்லவும் மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கிடைக்கிறது. அவற்றைக்கொண்டு அவள் செய்தது ஊரின் பசியாற்றியது. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொன்னபோது எவரும் சிறுபிள்ளைக் கதை என்று தள்ளவில்லை.

ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையில் பெரியவர்கள் பேச என்ன இருக்கிறது என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2007-இல் ராபர்ட் ஜோர்டன் என்ற மற்றோர் அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் தம் நெடுந்தொடரை முடிக்காமலே காலமானபோது, அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மக்டூகல், சாண்டர்சன் எழுதிய அஞ்சலிக் குறிப்பைப் படித்துவிட்டு தொடரை முடிக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். இன்னொருவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்துக்கொண்டு 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களாக அத்தொடரை அவர் நிறைவு செய்தார். 2022-இல், பெருந்தொற்றுக் காலத்தில் தாம் ஓசையின்றி எழுதிய நான்கு நாவல்களுக்கு வாசகர்களிடமே நேரடியாக முன்பணம் கேட்டபோது, ஒரு இலட்சத்து எண்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையிலான உறவைப் பற்றி இரண்டு மணி நேரம் பேச இதில் நிறைய இருக்கிறது.

நூலக இயலின் தந்தை சீ. இரா. அரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று விதி வகுத்தவர். 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டு வண்டியில் நூல்கள் போயின. வாசகரைத் தேடி வண்டி போன அதே மண்ணில், தேடி வந்த வாசகர் படியில் நின்று திரும்பியிருக்கிறார். வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிற எங்களுக்கு, எந்த வகைக் கதையைப் பற்றிப் பேசலாம் என்று தொலைபேசியில் ஆணை வருவது மிகுந்த வேதனையைத் தருகிறது. பணியாளர் குறைவால் தாங்கள் படும் சிரமத்தையும் அறிவேன். கதவைத் திறக்கவும் பூட்டவும் நாற்காலிகளை ஒழுங்கு செய்யவும் எங்கள் வட்டத்தினரே வருகிறோம்.

எனவே, அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை அரங்கத்தைத் தந்துதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அனுமதியை எழுத்தில், பத்து நாள் முன்னதாகத் தாருங்கள். தம்பி விடுப்பு கேட்க அது தேவைப்படும். சாண்டர்சனின் நூல் ஒன்றையாவது பெரியவர்கள் அலமாரியில் வாங்கி வைக்கவும் வேண்டுகிறேன். அன்று அந்த அம்மாளையும் அழைத்திருக்கிறேன். முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைப்போம்.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்தின் சார்பில்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்