ஊரைத் தெரிந்துகொள்ள ஒரு மேலாளருக்கு அவகாசம் கொடுங்கள்

பொதுத்துறை வங்கிகளின் தலைமை நிர்வாகிகளுக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம்.

கடந்த தை மாதம் என் அப்பா காலமானார். வயது 76. 1973-ல் எழுத்தராகச் சேர்ந்து கிளை மேலாளராக ஓய்வுபெற்றவர். பழைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தை விட்டு அவர் வெளியே வேலை பார்த்ததே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் பலரை எங்களுக்கு யாரென்றே தெரியவில்லை. பேராவூரணியிலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வலங்கைமானிலிருந்தும் வந்திருந்தார்கள். தென்னை விவசாயிகள், டீக்கடைக்காரர் ஒருவர், நகை மதிப்பீடு செய்த பத்தர் ஒருவர். அவர்கள் சொல்லித்தான் அப்பாவின் வேலை என்னவென்று எனக்கு முழுதாகத் தெரிந்தது. அதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்த மடல்.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது, நாடு முழுவதும் இருந்தவை 8,262 கிளைகள். அவற்றில் கிராமப்புறக் கிளைகள் 1,833 மட்டுமே. வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கி இல்லாத ஊர்களில் நான்கு திறக்க வேண்டும் என்று 1977-ல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. அந்த நான்கில் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களில் அப்பாவும் ஒருவர். வாடகைக் கட்டடம், ஒரு இரும்புப் பெட்டகம், நான்கு லெட்ஜர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நிற்கும் ஜனம்.

காலையில் அவர் முதலில் கேட்பது வானொலியில் மேட்டூர் நீர்மட்டம். ஜூன் 12 அன்று அணை திறந்தால் ஒரு கணக்கு, தள்ளிப்போனால் வேறு கணக்கு. குறுவை நெல் பொய்த்துப்போனால் யார் யார் நகைக் கடனுக்கு வருவார்கள், யார் வட்டி கட்ட முடியாமல் தெருவில் கண்டால் ஒதுங்கிப் போவார்கள் என்பதெல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரியும். அப்படி ஒதுங்கியவர்களைத் தேடிப்போய், "அறுப்பு முடிச்சுட்டு வாங்க, கூப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வருவாராம். தை பிறந்ததும் அவர்கள் தாங்களாகவே வந்து கட்டியிருக்கிறார்கள்.

பேராவூரணிக் கிளையில் தென்னங்கன்று வைக்கக் கடன் கொடுத்தபோது, தவணை சில ஆண்டுகள் கழித்தே தொடங்கும் என்று எழுதினார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும், அதற்கு முன் தவணை கேட்டால் அந்த ஆள் வெளியில் வட்டிக்கு வாங்கித்தான் கட்டுவார், அது நமக்கும் நல்லதல்ல என்று பதில் அனுப்பினார். அந்த நகலை அவர் பத்திரமாக வைத்திருந்தார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் அந்தத் தோப்புகள் விழுந்தபோது அவர் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் பஸ் பிடித்துப் போய்விட்டார். மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்த நிவாரணத்துக்கும், கடன் தவணையை மாற்றி அமைக்கவும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக்கொண்டு ஒரு பள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருந்ததாக வந்தவர்கள் சொன்னார்கள். வீட்டில் எங்களிடம், "தெரிஞ்சவங்களைப் பாத்துட்டு வந்தேன்" என்று மட்டும்தான் சொன்னார்.

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் சொன்னது: "டிராக்டர் லோனு கேட்டேன் தம்பி. நாலு ஏக்கருக்கு டிராக்டர் தாங்காது, வாடகைக்கு உழு, மிச்சத்துல ஒரு மோட்டார் போடுன்னாரு. அன்னைக்கு அவரு மேல கோவம்தான். பக்கத்து வூட்டுக்காரன் வேற எடத்துல வாங்கி, வண்டியும் போச்சு, நெலமும் போச்சு." மறுக்கவும் ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். மானியத்தோடு மாட்டுக் கடன் கொடுத்த காலத்தில், மாடு வாங்கினார்களா என்று தொழுவம் வரை போய்ப் பார்ப்பார். மாடு செத்துப்போனால், காதுத் தகடு இல்லாமல் காப்பீட்டுப் பணம் வராது என்பதைப் புதைப்பதற்கு முன்பே ஆள் விட்டுச் சொல்வார்.

வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்தது கும்பகோணத்தில், அவர் தங்கியிருந்தது கிளை இருக்கும் ஊரில். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் பஸ் ஏறுவார். அம்மா பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை சமையல் அப்பாவுடையது, எனக்கும் தங்கைக்கும் எண்ணெய் தேய்த்துச் சடை பின்னுவதும் அவர்தான். கும்பகோணத்துக்கே மாற்றலாகி வந்த பிறகு, கணக்கு நேராகாத நாட்களில் சில பைசா வித்தியாசத்தைத் தேடி உட்கார்ந்துவிட்டு நடுராத்திரி வருவார். எங்கள் வீட்டுப்பாட நோட்டை எடுத்துப் பார்த்து, பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டுத்தான் படுப்பார். காலையில் எழுந்ததும் அந்த டிக்கைத் தேடுவோம். அப்போது டிசம்பர் 31-ல்தான் வங்கிக் கணக்கு முடிப்பு, அதனால் பல புத்தாண்டுகள் அவர் இல்லாமலே பிறந்தன. அதற்கு ஈடாகப் பொங்கலுக்கு எப்பாடு பட்டாவது வந்துவிடுவார்.

வெளிமாநிலம் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு பதவி உயர்வு வந்தபோது மறுத்துவிட்டார். பாட்டி படுக்கையில் இருந்தார், நான் பத்தாம் வகுப்பு. "முன்னேற ஆர்வம் இல்லாதவர்" என்று அதற்கு ஒரு பெயர் வாங்கினார். அந்தச் சொல் அவரை வருத்தியது என்று அம்மா சொல்லித்தான் தெரியும்.

குடும்ப ஓய்வூதியத்துக்காக அம்மாவை ஒரு சிற்றூர்க் கிளைக்கு அழைத்துப் போனேன். பீகாரிலிருந்து வந்திருக்கும் இளம் மேலாளர். தமிழ் தெரியவில்லை. ஆனால் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார், படிவத்தை அவரே நிரப்பினார். அதற்குள் மேலிடத்திலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு: இன்று எத்தனை காப்பீட்டுப் பாலிசி? வங்கிகள் பொருந்தாத காப்பீட்டை விற்பதால் மக்கள் கடன் வாங்கும் செலவு மறைமுகமாகக் கூடுகிறது என்று 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே பேசினார். அந்தப் பையன் செல்பேசியைக் கீழே வைத்தபோது திரையில் ஒரு குழந்தையின் படம். மகள், இரண்டு வயது, பாட்னாவில் இருக்கிறாளாம். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் அப்பாவைப் போன்ற ஒருவர்தான் அவர் என்று தோன்றியது. அப்பாவுக்குக் கிடைத்த நேரம் அவருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது எல்லாம் கணினியில் இருக்கிறது என்பீர்கள். சிட்டாவும் பட்டாவும் இணையத்தில் வந்துவிட்டன, நல்லதுதான், அப்பாவே அதை மெச்சுவார். ஆனால் நாலு ஏக்கருக்கு டிராக்டர் தாங்காது என்பதை அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, அவர் மொழியில், அவர் மனம் கோணாமல் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே கேட்கிறேன். கிராமக் கிளைக்கு அனுப்பும் மேலாளரை மூன்று சம்பா அறுவடை பார்க்கும் வரை மாற்றாதீர்கள். பொறுப்பேற்கும் முன் சம்பளத்தோடு மூன்று மாதம் தமிழ் படிக்க வையுங்கள். பாலிசி இலக்கை அவர் தலையிலிருந்து இறக்கி, வாரத்தில் ஒரு நாள் வயல்களுக்கும் கடைகளுக்கும் போய்வருவதை அவருடைய வேலையாகவே கணக்கில் எழுதுங்கள். மனைவியையும் குழந்தையையும் அழைத்துவந்து வைத்துக்கொள்ளும்படி, பக்கத்தில் நல்ல பள்ளி இருக்கும் ஊரில் ஒரு வீடு பிடித்துக் கொடுங்கள். குடும்பத்துக்காகப் பதவி உயர்வு வேண்டாம் என்று யாராவது எழுதிக் கொடுத்தால், அவருடைய கோப்பில் அதை ஒரு குறையாகக் குறிக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு கிளை மேலாளரின் மகள்,
கும்பகோணம்