தையல் வகுப்பு நிறைவு: நன்றியும் சில ஞாபகக் குறிப்புகளும்

அக்கா, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். வகுப்பு இன்றோடு முடிந்தது. கட்டிங் கற்றுத்தந்த மாஸ்டருக்கும், வெட்டிப் பழக வீட்டுப் பழைய சேலைகளைக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

இனி வெளி ஆர்டர் எடுப்பவர்களுக்கு: லைனிங் துணியை (உள்ளே வைக்கும் துணி) ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, அயர்ன் செய்த பிறகே வெட்டுங்கள். அவசரம் என்று இதை விட்டால் முதல் துவைப்பிலேயே லைனிங் சுருங்கி, மேல்துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். பழி தைத்தவர் மேல்தான்! பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை இஞ்ச் விடுங்கள், பின்னாளில் பிரித்துவிடக் கேட்காத ஆளே கிடையாது. கழுத்துக்கு கிராஸ் பட்டியே (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி) வையுங்கள். நேர்ப்பட்டி வளைவில் படியாமல் தூக்கிக்கொள்ளும். பட்டியைத் திருப்புமுன் வளைவில் சின்னச் சின்ன வெட்டு கொடுக்க வேண்டும், தையலில் கத்தரி படாமல்.

அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாக வந்தால் பாபினை (அடிநூல் சுற்றிய உருளை) நோண்டாதீர்கள். பெரும்பாலும் மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் உட்கார்ந்திருக்காது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்து மேல்நூலை மறுபடி கோத்துவிடுங்கள். பட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசி, அதுவும் புதிது. பழைய ஊசி இழை இழுத்துவிடும்.

குழுவைக் கலைக்கவில்லை. சந்தேகம் கேட்கும்போது துணியின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள். குட் மார்னிங் படங்கள் மட்டும் வேண்டாம். சான்றிதழ் வாங்காதவர்கள் ஆதார் நகலோடு வந்து வாங்கிக்கொள்ளவும்.