முட்டியைப் பூட்டி நிற்காதே

சுங்கை சிப்புட்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

பள்ளி அணிவகுப்புப் படம் வாட்சாப்பில் வந்தது. இரண்டாம் வரிசையில் நீதான் நேராக நிற்கிறாய். கடைத்தெருவில் பத்துப் பேரிடம் காட்டிவிட்டேன். தாடையில் என்ன பிளாஸ்டர் என்று அம்மா கேட்டாள். பரு என்று சொல்லிவைத்தேன். மூன்று வாரமாக நீ போன் எடுக்கவில்லை. பரீட்சை நேரம், சரி.

கவாட்டில், அதாவது அணிவகுப்புப் பயிற்சியில், 'செடியா' (விறைத்து நில்) சொல்லி நிறுத்தினால் 'செனாங் டிரி' (இளைப்பாறி நில்) வர நேரமாகும். முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டி நிற்காதே. நடக்கும்போது கெண்டைக்கால் சதைதான் ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குக் குறைந்துவிடும். முட்டியை மயிரளவு தளர்த்து, வெளியே தெரியாது. பூட்ஸுக்குள் கால்விரலை மடக்கி மடக்கி விரி. காது அடைத்து, பிடரியில் வேர்வை குளிர்ந்து, கண் மங்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காதே, உடனே ஒரு முட்டி போட்டு உட்கார். விறைத்தபடி குப்புற விழுந்தால்தான் தாடையும் பல்லும் போகும். வெறும் வயிற்றோடு போகாதே. மைலோ குடித்தால் மட்டும் போதாது, இரண்டு ரொட்டியாவது தின்னு. தண்ணீரை முந்தின ராத்திரியிலிருந்தே குடி.

புது பூட்ஸ் அனுப்புகிறேன். உடனே கவாட்டுக்குப் போடாதே, குதிகால் தோல் உரிந்துவிடும். ஒரு வாரம் சாயங்காலம் ஒரு மணி நேரம் போட்டு நட, மெல்லிய காலுறைமேல் தடித்ததைப் போட்டுக்கொள். நனைந்தால் வெயிலில் காயவைக்காதே, தோல் வெடிக்கும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வை. பஞ்சை விரலில் சுற்றி, கிவி பாலிஷைத் துளி தண்ணீரோடு சின்னச் சின்ன வட்டமாகத் தேய். மெல்லிசாகப் பல தடவை. தடிமனாக அப்பினால் நடக்கும்போது மடிப்பில் பாளம் பாளமாக விரியும். படத்தில் உன் பூட்ஸ் அப்படித்தான் இருந்தது. இதைக்கூடச் சொல்லிக் கொடுத்தேனே?

அம்மா இன்னும் என்.எஸ். (தேசிய சேவை) முகாம் என்றே பயப்படுகிறாள். 2004-இல் தொடங்கிய அந்த மூன்று மாதப் பயிற்சி வேறு, உன் பி.கே.பி.எம். மாணவர் படை பள்ளிப் புறப்பாடம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

முட்டியைப் பூட்டாதே பாப்பா. சாப்பிடாமல் போகாதே.

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மெரிட் மதிப்பெண்ணில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்று உன்னை இதில் தள்ளிவிட்டவன் நான். படையில் சேரும் பாரத்தில் (படிவத்தில்) 'ஆஸ்துமா' கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியதும் நான்தான். எடுக்கமாட்டார்களோ என்று பயந்தேன். பத்து வயசுக்கு அப்புறம் இழுப்பு வரவில்லையே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். யாரை ஓடவிடலாம், யாரை நிழலில் உட்காரவைக்கலாம் என்று பயிற்சி கொடுப்பவர் அந்தப் பாரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அதில் பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு உன் மூச்சை நீயே பார்த்துக்கொள் என்று விட்டிருக்கிறேன். தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை.

ஆசிரியருக்கு உண்மையை எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், நீயே கொடுத்துவிடு. இழுப்புக்கான பம்ப் இடது பூட்ஸுக்குள் இருக்கிறது. டாக்டர் சொன்னபடி, ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னால்.

அப்பா