வெளியிட மனமில்லையென்றால் வழிவிடுங்கள்: ஜப்பானிய கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

நிண்டெண்டோ, சேகா, கேப்காம், ஸ்கொயர் எனிக்ஸ், சோனி முதலிய நிறுவனங்களில், எந்த ஜப்பானிய வீடியோ கேம் ஆட்டம் கடல் கடந்து போகலாம், எது ஜப்பானோடு நின்றுவிட வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் உருவாக்கும் ஒவ்வோர் ஆட்டத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று வற்புறுத்துவதற்காக இந்த மடலை எழுதவில்லை. முதலும் உங்களுடையது, நட்டம் வந்தால் அதுவும் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே எது விற்கும், எது விற்காது என்று கணக்குப் பார்க்கும் உரிமையும் உங்களுக்கே உண்டு. அந்தக் கணக்கு முடிந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது. ‘வேண்டாம்’ என்று நீங்கள் ஒதுக்கிய ஆட்டத்தை, வெளியிட முன்வரும் வேறு கைகளுக்கும் கொடுக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

செலவு எப்படி ஏறுகிறது என்பது வெளியிலிருந்து பார்க்கும் எங்களுக்கும் ஓரளவு தெரியும். உரையாடல் மிகுந்த ஓர் ஆர்.பி.ஜி. (ஒரு பாத்திரமாக மாறிக் கதையோடு ஆடும் ஆட்டம்) என்றால் வசனத்தை மொழிபெயர்ப்பவர், அதைச் செம்மைப்படுத்துபவர், நீண்டுவிட்ட ஆங்கில வரிகள் திரையிலுள்ள கட்டத்துக்குள் அடங்கும்படி நிரலைத் திருத்துபவர், குரல் கொடுப்பவர், ஒவ்வொரு கிளைக்கதையையும் ஆடிப் பார்த்துப் பிழை பொறுக்குபவர் என்று ஒரு படையே வேண்டும். அதன் பிறகு அமெரிக்காவில் ஈ.எஸ்.ஆர்.பி., ஐரோப்பாவில் பெகி, ஜெர்மனியில் யு.எஸ்.கே. என்று வயதுத் தரச்சான்றுகளைத் தனித்தனியாகப் பெற வேண்டும். நாங்கள் கேசட் என்று அழைத்த அந்த கேட்ரிட்ஜ்களின் காலத்தில் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. ஜப்பானிய மொழியின் இரண்டு கான்ஜி எழுத்துகளில் முடிந்துவிடும் ஒரு வாளின் பெயர் ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு எழுத்தாக நீளும். அப்படி ஆயிரக்கணக்கான சொற்கள் நீண்டால் சிப்பின் நினைவகம் போதாது. பெரிய சிப் வாங்கினால் விலை ஏறும். விற்காத கேட்ரிட்ஜ்கள் கிடங்கில் தேங்கினால் தயாரிக்கப் போட்ட பணம் திரும்பாது. ஃபைனல் ஃபேன்டஸி தொடரின் 2ஆம், 3ஆம் பாகங்கள் ஜப்பானிலேயே நின்றுவிட, 4ஆம் பாகம் 1991இல் அமெரிக்காவுக்குப் போய் ‘2’ என்ற எண்ணோடு விற்பனையானதை அந்தக் காலத்து நெருக்கடியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் காலத்து நெருக்கடியில் எடுத்த முடிவு, காலம் மாறிய பின்னும் ஏன் மாறுவதில்லை? நிண்டெண்டோவின் மதர் தொடரின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. 1989இல் ஜப்பானில் வெளிவந்த முதல் மதர் ஆட்டத்துக்கு 1990லேயே ஆங்கிலப் பதிப்பு ஆயத்தமாகிவிட்டது. மொழிபெயர்ப்புக்கான செலவு முடிந்திருந்தும், சூப்பர் நிண்டெண்டோ என்ற புதிய கருவி வரப்போகும் வேளையில் பழைய கருவிக்கு ஆட்டம் எதற்கு என்று அது கிடப்பில் போடப்பட்டது. எர்த்பவுண்ட் பிகினிங்ஸ் என்ற பெயரில் அது முறையாக வெளிவந்தது 2015இல். இடையில் இரண்டாம் பாகம் 1995இல் எர்த்பவுண்ட் என்று அமெரிக்காவில் வெளியானது. அதற்கு நீங்கள் செய்த விளம்பரம் இன்றைக்கும் பேசப்படுகிறது: ‘இந்த ஆட்டம் நாறுகிறது’ என்ற வாசகத்தை அச்சிட்டு, சுரண்டி முகர்ந்தால் துர்நாற்றம் வீசும் பக்கங்களைப் பத்திரிகைகளில் இணைத்தீர்கள். வழிகாட்டிப் புத்தகத்தையும் சேர்த்து அடைத்த, வழக்கத்தைவிடப் பெரிய பெட்டியில் அதை விற்றீர்கள். விற்பனை மந்தமாக இருந்தது. பழி ஆட்டத்தின் மேல் விழுந்தது.

அதன் விளைவை மதர் 3 சுமக்கிறது. 2006 ஏப்ரலில் கேம்பாய் அட்வான்ஸில் அது ஜப்பானில் வெளியானபோது நிண்டெண்டோ டி.எஸ். என்ற புதிய கருவி ஏற்கெனவே கடைகளில் இருந்தது. பழைய கருவிக்கு ஆங்கிலப் பதிப்பு தயாரிப்பது வீண் என்று அன்று கருதியிருந்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் 2008இல் ரசிகர்கள் குழு ஒன்று முழு ஆட்டத்தையும் தாங்களே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது. அக்குழுவை நடத்திய தொழில்முறை மொழிபெயர்ப்பாளர், முறையான வெளியீட்டுக்கு உதவுமென்றால் அந்த மொழிபெயர்ப்பை இலவசமாகவே தருவதாக 2013இல் வெளிப்படையாக அறிவித்தார். ஆட்டத்தின் நாயகன் லூக்காஸை சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால் என்ற சண்டை ஆட்டத்தில் சேர்த்து 2008இலேயே உலகெங்கும் விற்றவர்கள், அவனுடைய கதையை மட்டும் விற்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஸ்விட்ச் ஆன்லைன் சேவையில் மதர் 3 சேர்க்கப்பட்டதும் ஜப்பானில் மட்டுமே. அச்சிட ஒன்றுமில்லை, கிடங்கு வாடகை இல்லை, மொழிபெயர்ப்பு கைக்கெட்டும் தூரத்தில். இதற்கு மேலும் எந்தச் செலவுக் கணக்கு தடுக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பிறரிடம் கொடுப்பது உங்களுக்குப் புதிய வழக்கமும் அல்ல. 2011 நடுவில் ஸெனோபிளேட் கிரானிக்கிள்ஸ், தி லாஸ்ட் ஸ்டோரி, பண்டோராஸ் டவர் ஆகிய, வீ (Wii) கருவிக்கான மூன்று ஆட்டங்களையும் அமெரிக்காவில் வெளியிடும் திட்டம் இப்போதைக்கு இல்லை என்று நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை அறிவித்தது. ஐரோப்பியக் கிளையோ ஆங்கிலக் குரல்களோடு ஸெனோபிளேடைத் தயாரித்து அதே ஆண்டு ஆகஸ்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மொழிபெயர்ப்பும் குரலும் ஆயத்தமாக இருந்த ஓர் ஆட்டத்தை, அதே மொழி பேசும் நாட்டில் வெளியிட மாட்டோம் என்பது எங்களுக்குப் புரியவில்லை. புரியாதவர்கள் ஆபரேஷன் ரெயின்ஃபால் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அமேசானில் பழைய தற்காலிகப் பெயரோடு, ‘மொனாடோ’ என்று கிடந்த முன்பதிவுப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, எல்லோரும் முன்பதிவு செய்து, அதை வீடியோ கேம் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏற்றினார்கள். 2012 ஏப்ரலில் ஆட்டம் வந்தது. மற்ற இரண்டையும் நிண்டெண்டோ தானே வெளியிடாமல் எக்ஸ்சீட் என்ற சிறிய நிறுவனத்திடம் கொடுத்தது. லாஸ்ட் ஸ்டோரி அதுவரையிலான தங்கள் வெளியீடுகளிலேயே அதிக வெற்றி பெற்றது என்று எக்ஸ்சீட் அறிவித்தது. ஒதுக்கப்பட்ட ஸெனோபிளேட், பின்னர் தொடராக வளர்ந்து, 2017இல் வந்த இரண்டாம் பாகம் முதல் உலகெங்கும் ஒரே நாளில் வெளியாகும் இடத்துக்கு வந்திருக்கிறது.

சோனியின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கி 2009 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான டீமன்ஸ் சோல்ஸை மேற்கில் வெளியிட சோனி மறுத்தது. இத்தனைக்கும் ஜப்பானியப் பதிப்பிலேயே பாத்திரங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். ஆசியப் பதிப்பில் எழுத்தும் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு நாட்டு ஆட்டம் வேறு நாட்டுக் கருவியில் ஓடாமல் தடுக்கும் பிராந்தியப் பூட்டு பிளேஸ்டேஷன் 3 ஆட்டங்களுக்கு இல்லாததால் அமெரிக்க ரசிகர்கள் ஹாங்காங் கடைகளிலிருந்து அதைத் தருவித்து ஆடத் தொடங்கினார்கள். முன்னோட்டப் பதிப்பை இரண்டு மணி நேரம் ஆடியும் தொடக்கத்தைத் தாண்ட முடியாமல், இது தேறாது என்று தாம் ஒதுக்கியதாக, அப்போது சோனியின் உலகளாவிய ஸ்டுடியோக்களுக்குத் தலைவராக இருந்த ஷுஹெய் யோஷிடா பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அட்லஸ் 2009 அக்டோபரில் அமெரிக்காவிலும், நாம்கோ பண்டாய் (இன்றைய பண்டாய் நாம்கோ) 2010இல் ஐரோப்பாவிலும் வெளியிட்டன. அடுத்து வந்த டார்க் சோல்ஸும், ஓராண்டுக்குள் 2 கோடிப் பிரதிகளைத் தாண்டிய எல்டன் ரிங்கும் வெளிநாடுகளில் பண்டாய் நாம்கோவின் பெயரில் விற்றன. ஆனால் சோனி செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும்: தான் வேண்டாம் என்றதைப் பிறர் எடுப்பதைத் தடுக்கவில்லை. அந்த வழி திறந்திருந்ததால்தான் 2020இல் பிளேஸ்டேஷன் 5 அறிமுகமானபோது, டீமன்ஸ் சோல்ஸின் மறு உருவாக்கத்தையே முன்னிறுத்தி விற்க அதனால் முடிந்தது.

‘வெளிநாட்டவருக்கு இது புரியாது’ என்பது உங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழும் வாதம் என்று நினைக்கிறேன். சேகாவின் யாக்குசா 3 மேற்கு நாடுகளுக்கு 2010இல் போனபோது, அதிலிருந்த மாஜாங் என்ற கட்டை ஆட்டம், ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கம், ஹோஸ்டஸ் கிளப், ஜப்பானிய வரலாற்று வினாடி வினா எல்லாம் வெட்டப்பட்டன. கமுரோச்சோ என்ற கற்பனைப் பகுதியின் தெருவில் நடந்து போய், மாஜாங் மேசையில் உட்கார்ந்து ஒரு மாலையைத் தொலைப்பதுதான் அந்தத் தொடரின் உயிர் என்பதை அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. 2017இல் மேற்கில் வெளியான யாக்குசா 0இல் மாஜாங்கும் ஷோகியும் அப்படியே இருந்தன. தொடர் அங்கே பரவலாகப் பேசப்பட்டதும் அதற்குப் பிறகுதான். அடுத்து வந்த மறுபதிப்பில் மூன்றாம் பாகத்தில் வெட்டியவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று.

உண்மையான தடைகள் இருப்பதை மறுக்கவில்லை. ஜம்ப் என்ற சித்திரக்கதை இதழின் பல படைப்பாளிகளுடைய பாத்திரங்களை ஒன்றாகத் திரட்டிய ஜம்ப் அல்டிமேட் ஸ்டார்ஸ் போன்ற ஆட்டத்துக்கு நாடு நாடாக உரிமம் வாங்குவது பெரும்பாடு. ஜப்பானியப் பாடல்களின் மேல் கட்டிய ஓசு! தத்தகாயே! ஓவென்தான் ஆட்டத்துக்குப் பதிலாக, மேற்கத்தியப் பாடல்களோடு எலைட் பீட் ஏஜெண்ட்ஸை உருவாக்கியது சாமர்த்தியமான வேலை. இத்தகைய ஆட்டங்களை என் கோரிக்கையிலிருந்து தள்ளியே வைக்கிறேன்.

ஃபால்காம் நிறுவனத்தின் டிரெயில்ஸ் தொடருக்கு நேர்ந்ததை மட்டும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன், ஏனெனில் நான் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. நாவல் நாவலாக வசனம் குவிந்த அந்தத் தொடரில், 2010, 2011இல் வந்த ஜீரோ, அஷூர் ஆகிய இரண்டும் ஆங்கிலம் காணாமலே கிடந்தன. ஜியோஃப்ரண்ட் என்ற ரசிகர் குழு இரண்டையும் மொழிபெயர்த்தது. வழக்கறிஞர் கடிதம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, என்.ஐ.எஸ். அமெரிக்கா என்ற வெளியீட்டு நிறுவனம் அந்த மொழிபெயர்ப்பையே பெற்று, திருத்தி, 2022லும் 2023லும் முறைப்படி வெளியிட்டது. இதோடு ஒப்பிட்டால் கேப்காமின் ஏஸ் அட்டர்னி இன்வெஸ்டிகேஷன்ஸ் 2 மனத்தை உறுத்துகிறது: ஜப்பானில் 2011, ரசிகர் மொழிபெயர்ப்பு 2014, முறையான ஆங்கிலப் பதிப்பு 2024. இடைப்பட்ட 10 ஆண்டுகள் அந்த ஆட்டத்தை ஆங்கிலத்தில் ஆட விரும்பியவர்கள் காசு கொடுக்க ஆயத்தமாக இருந்தும், வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.

பெரிய ஆட்டங்கள் இப்போது உலகெங்கும் ஒரே நாளில் வருகின்றன என்பது உண்மை. மான்ஸ்டர் ஹண்டர் வேர்ல்டு 2018இல் அப்படி வந்து கேப்காமின் விற்பனைச் சாதனையை மாற்றியெழுதியது. பின்தங்குவது பழைய ஆட்டங்களும், நடுத்தர முதலீட்டில் உருவாகும் வசனம் மிகுந்த ஆட்டங்களும்தான். உங்கள் திட்டத்தில் ‘வெளிநாடு’ என்றால் வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் முன்னால் நிற்பதை அறிவோம். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஆடுகிற எங்களுக்கு அந்த ஆங்கிலப் பதிப்பே ஒரே வாசல் என்பதால், அங்கே மூடப்படும் கதவு இங்கேயும் மூடப்படுகிறது.

ஆகவே கேட்கிறேன். ஓர் ஆட்டத்தை வெளிநாட்டில் வெளியிடுவதில்லை என்று முடிவானால் அதை மௌனத்தால் உணர்த்தாமல் வாயால் சொல்லுங்கள். ‘அறிவிக்க எதுவுமில்லை’ என்ற பதிலை ஆண்டுக்கணக்கில் கேட்டுச் சலித்துவிட்டோம். சொன்னபின், எக்ஸ்சீட் போன்ற சிறு வெளியீட்டாளர்கள் நியாயமான கட்டணத்தில் உரிமம் பெற வழி செய்யுங்கள். முடிந்துபோன ரசிகர் மொழிபெயர்ப்பு இருந்தால், வழக்கறிஞரை அனுப்பும் முன் அதை ஒருமுறை படித்துப் பார்க்க உங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவில் ஒருவரை அனுப்புங்கள். இவை எதுவுமே இயலாதென்றால், உரிமம் கேட்டு எழுத வேண்டிய முகவரியையாவது உங்கள் தளத்தில் வெளியிடுங்கள்; எழுத வேண்டியவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஜப்பானிய ஆட்டங்களை ஆங்கிலத்தில் ஆடும் ஒரு தமிழ் ரசிகர்