உப்புத்தாள் எழுத்துகள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. மருமகளின் பிரசவம், முழங்கால் வலி, வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று காரணங்கள் இருக்கின்றன. இப்போது எல்லோரும் நலம். ஆனால் "அட்டைகளை எடுத்துக் குழந்தைகள் தாமே படிக்கும் அந்தச் செயல்வழிக் கற்றலில் உன் வகுப்புக் குழந்தைகள் எல்லோருமே உண்மையில் படித்தார்களா?" என்று நீ கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் எழுதத்தான் எனக்குத் துணிவு வரவில்லை. விடுதியிலும் நீ இப்படித்தான். விளக்கை அணைத்த பிறகு பெரிய கேள்வியாக ஒன்றைக் கேட்டுவிட்டு நீ தூங்கிப் போவாய். நான் விடியும்வரை விழித்துக் கிடப்பேன். வார்டன் அம்மாவின் சாவிக்கொத்து விவகாரமும் அப்படி ஒரு கேள்வியில்தானே தொடங்கியது!

சென்ற வியாழக்கிழமை நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாலையில் என் திண்ணைக்கு வரும் ஐந்து குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அவர்களில் தச்சர் வீட்டுப் பையனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. பலகையைத் தடவிப் பார்த்தே வேம்பா தேக்கா என்று சொல்லிவிடுவான். அவன் கதை சொல்லத் தொடங்கினால் மற்ற நால்வரும் அசையாமல் கேட்பார்கள். ஆனால் 'ப', 'ட', 'ம' மூன்றும் அவன் கண்ணுக்கு ஒரே கட்டத்தின் துண்டுகளாகவே தெரிகின்றன. 'கொடி' என்று எழுதிக் காட்டினால், எழுத்துக்கு முன்னே நிற்கும் கொம்பின் ஒலி பின்னே வருவதும், பின்னே நிற்கும் காலும் அதே ஒலியில் சேர்ந்துகொள்வதும் அவனைத் திகைக்க வைக்கின்றன. சோம்பேறி என்று பள்ளியில் பெயர் வாங்கியிருந்தான். சிறப்பாசிரியராக வாழ்நாளைக் கழித்த உனக்கு இது புதிதில்லை. நமது பயிற்சிக் காலத்தில் இதைப் பற்றி எனக்கு யாரும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

நீ சொல்லியிருந்தபடி உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டினேன். விவரம் சொன்னதும் அவன் அப்பா பட்டறையிலிருந்து ஒரு கட்டு உப்புத்தாளையும், இழைத்து வழவழப்பாக்கிய பலகைத் துண்டுகளையும் கொண்டுவந்து கொடுத்தார். எழுதும் திசையிலேயே இரண்டு விரல்களால் தடவி, தடவும்போதே ஒலியையும் சொல்ல வேண்டும் என்று பழக்கினேன். மூன்றாம் வாரம் பையன் கண்ணை மூடிக்கொண்டு 'ப' என்றான், 'ட' என்றான், பிறகு 'ம்' பலகையையும் வரிசையில் வைத்து 'படம்' என்று படித்தான். காதுக் கருவி போட்ட சின்னவள் என் தொண்டையில் உள்ளங்கையை வைத்து ஒலியின் அதிர்வைப் பிடித்துக்கொண்டு எழுத்தைத் தடவுகிறாள். எல்லாவற்றையும் அரை நிமிடத்தில் முடித்துவிட்டு மற்றவர்களைத் தொந்தரவு செய்யும் வாயாடிக்கு, புதிய எழுத்துகளை வெட்டித் தரும் பொறுப்பைக் கொடுத்துவிட்டேன். திண்ணையில் அமைதி திரும்பிவிட்டது.

இந்த எழுத்துகளின் கதையைப் பிறகு படித்தேன். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி முதலில் ரோமில், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகள் தொட்டுப் பழகுவதற்காகத்தான் மரத்தில் எழுத்துகளைச் செய்வித்தார். 1907-இல் அதே நகரின் சான் லொரென்சோ பகுதி ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கிய பிறகு, மர எழுத்துகளைச் செய்விக்க முடியாமல் போனதால் உப்புத்தாள் வந்தது. அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. பயிற்சிப் பள்ளிச் சுற்றுலாவில் அந்த அடையாறு ஆலமரத்தடியில் உட்கார்ந்து நாம் புளிசோறு தின்றோமே, அன்று இதை நமக்குச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்காகப் பிறந்த எழுத்துகள் இன்று பெரும்பாலும் பணம் கட்ட முடிந்தவர்களின் பள்ளிகளில் இருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

பையனை அழைத்து வருபவள் அவனுடைய அத்தை. இருபத்து நான்கு வயதிருக்கும். 2008-இல் என் இரண்டாம் வகுப்பில் படித்தவள். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் பரவி, எங்கள் ஒன்றியப் பள்ளிக்கும் வந்து சேர்ந்திருந்த நேரம் அது. ஆந்திரத்தில் உள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையிலிருந்து பிறந்தது என்று பயிற்சியில் சொன்னார்கள். அந்த முறையை நான் எவ்வளவு நேசித்தேன் என்று உனக்குத் தெரியும். நாற்காலி போய்ப் பாய் வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டும் உயரத்தில் சுவரடியில் கரும்பலகை வந்தது. கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள் ஆடின. பாடங்களைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் ஏணிப் படத்தில் தன் படி எது என்று குழந்தையே பார்த்து, அதிலுள்ள சின்னத்தை அடையாளமாக வைத்துத் தட்டிலிருந்து அட்டையை எடுத்து வரும். விடுப்பு எடுத்த குழந்தை, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். பலர் அப்படித்தான் படித்து மேலேறினார்கள். அதை யார் மறுத்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இவள் மட்டும் மழைக்காலம் முழுவதும் ஒரே படியில் நின்றாள். தினமும் அதே அட்டையை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் துணையுடன் கற்கும் குழுவில் என் பக்கத்தில் வந்து சத்தமில்லாமல் அமர்வாள். பார்வையிட ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்த வாரத்தில், யார் எந்தப் படியை முடித்தார்கள் என்று குறிக்கும் அடைவு அட்டவணையில் அவள் பெயருக்கு நேரே அடுத்த மூன்று படிகளையும் நான் நிரப்பினேன். இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஏணியே அவளைப் போன்றவளுக்காகக் காத்திருக்கச் செய்யப்பட்டதுதான். காத்திருக்காமல் போனவள் நான். அவரவர் வேகத்தில் ஏற விட்டேனே தவிர, எல்லோரையும் கண் வழியாகவே ஏறச் சொன்னேன் என்பதும் இப்போதுதான் புரிகிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக அன்றிருந்த 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவளுடைய சிரமத்துக்குப் பெயரே இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளில்தான் கற்றல் குறைபாடு இடம்பெற்றது. அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். அவள் இன்றும் நூறு நாள் வேலைக்குக் கைநாட்டுத்தான் வைக்கிறாள்.

வியாழக்கிழமை குழந்தைகள் கிளம்பிய பிறகு, படியில் நின்றிருந்தவள் மேலே வந்து 'ப' பலகையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். ஒரு முறை, இரண்டு முறை. பிறகு, "டீச்சர், இத நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள். என்னால் தலையை மட்டுமே ஆட்ட முடிந்தது.

இந்த வாரத்திலிருந்து அவளும் வருகிறாள், குழந்தைகள் போன பிறகு. எதில் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பையனுக்குப் 'படம்' போதும். இவளுக்குத் தன் பெயரா, பேருந்துப் பலகையில் இருக்கும் ஊர்ப்பெயர்களா, வேலை அட்டையில் இருக்கும் சொற்களா? பெரியவர்களுக்குக் கற்பித்த அனுபவம் உனக்கு உண்டு. நான்கு மாதம் கழித்துப் பதில் போட்டு என்னைப் பழிவாங்காதே. அடுத்த வியாழனுக்குள் எழுது. முடிந்தால் நேரிலேயே வா. உப்புத்தாள் நிறைய மிச்சம் இருக்கிறது.

உன்,
பழைய அறைத்தோழி