ஆகஸ்ட் 15 இதழில் கொடியின் அளவைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுதந்திர தினத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே எழுதுகிறேன். பக்கங்களைத் திட்டமிட உங்களுக்கு நேரம் வேண்டும் என்பதால்தான் இந்த அவசரம். என் வேண்டுகோள் இதுதான்: இந்த வருடம் ஆகஸ்ட் 15 அன்று முழுப்பக்க வண்ணக் கொடி அச்சிட வேண்டாம். அதற்கு ஒரு வாரம் முன்னதாக, பிள்ளைகள் வீட்டிலேயே தாளில் கொடி செய்வதற்குச் சரியான அளவோடு ஒரு கோட்டுப் படத்தைச் சிறுவர் பகுதியில் போடுங்கள்.

நாளிதழ்கள் எல்லாமே அன்றைக்குக் கொடி போடுகின்றன. முதல் பக்கத்தில் ஒன்று, நகைக்கடை விளம்பரத்தில் ஒன்று, கல்லூரி விளம்பரத்தில் ஒன்று. இரண்டு நாள் கழித்து அந்தத் தாள் எங்கே போகிறது? திருவல்லிக்கேணியில் எங்கள் தெருமுனையில் மாலை நேரத்தில் பஜ்ஜி போடுகிறார்கள். போன வருடம் வாழைக்காய் பஜ்ஜி வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தபோது எண்ணெயில் ஊறிப்போன சக்கரம் தெரிந்தது. கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய பேப்பரைக் கிலோ கணக்கில் எடைக்கு வாங்குகிறார், ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தா வாங்க முடியும்? ஆனால் கொடியில் எதையும் வைத்து ஏந்தவோ கொண்டுபோகவோ கூடாது என்று 2002-ல் நடைமுறைக்கு வந்த கொடி விதித் தொகுப்பு சொல்கிறது. தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ம் வருடத்துச் சட்டமோ, கொடியின் படம், ஓவியம், புகைப்படம் எல்லாவற்றையும் கொடி என்றே கணக்கில் எடுக்கிறது. அச்சடித்த கொடியும் கொடிதான். லட்சக்கணக்கில் அச்சடித்துவிட்டால் அவற்றை யார் பத்திரப்படுத்துவது?

நான் பல வருடம் அச்சகங்களுக்குப் பாரம் மடித்துக் கொடுத்தவள். எங்கள் பேட்டையில் அப்போது சந்துக்குச் சந்து பிரஸ் இருந்தது. புத்தகம் பைண்டிங்குக்குப் போகும் முன் தாளை மடித்து, அடுக்கி, தைக்கக் கொடுப்பது எங்கள் வேலை. அதனால் தாளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். இப்போது ஆகஸ்ட் மாதமும் ஜனவரி மாதமும் வந்தால் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். "ஆயா, கொடி செய்யலாமா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

அவர்கள் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. பல பள்ளிகளில் முந்தின நாள் சாயங்காலம்தான் பெற்றோரின் செல்போனுக்குச் செய்தி வருகிறது: நாளைக்குச் சுதந்திர தின கிராஃப்ட் கொண்டு வர வேண்டும் என்று. வேலை முடிந்து வீடு திரும்பும் அம்மா என்ன செய்வாள்? ஃபேன்சி ஸ்டோரில் தெர்மாகோலில் வெட்டிய இந்தியா படமும், ஜிகினா ஒட்டிய கொடியும் தயாராக இருக்கும். வாங்கிக் கொடுத்து அனுப்புவாள். பிளாஸ்டிக் கொடியைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலேயே தடை செய்தாகிவிட்டது. அலங்காரத்துக்கான தெர்மாகோலை 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்கத் தடை செய்திருக்கிறார்கள். கடைகளில் இரண்டும் இன்னும் தொங்குகின்றன. பிள்ளை கையால் ஒரு மடிப்புகூட விழாத பொருளுக்கு வகுப்பில் கைதட்டல் கிடைக்கிறது. எனக்கு இது பெரிய வருத்தம்.

சரி, அளவுக்கு வருகிறேன். கொடிக்கு அரசு வகுத்திருக்கும் ஒன்பது அளவுகளில் மிகச் சிறியது 15 சென்டிமீட்டருக்கு 10. அதற்கு அடுத்தது 22.5-க்கு 15. வீட்டில் செய்ய இரண்டாவதுதான் தோது. ஏ4 தாளில் அடங்கிவிடும். உயரம் 15 என்பதால் ஒவ்வொரு பட்டையும் சரியாக 5 சென்டிமீட்டர் வரும். பள்ளி ஸ்கேலை வைத்தே கோடு போடலாம். சின்ன அளவை எடுத்தால் 10-ஐ மூன்றாகப் பிரிக்கப் பிள்ளை திண்டாடும். 22.5-க்கு 15 அளவுக்குச் சக்கரத்தின் குறுக்களவு 4 சென்டிமீட்டர், அதாவது காம்பஸில் 2 சென்டிமீட்டர் எடுக்க வேண்டும்.

வெள்ளைத் தாளை அடியாக வைத்து, மேலே காவிப் பட்டை, கீழே பச்சைப் பட்டை ஒட்ட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது தாள் சுருண்டுகொள்ளும். இரண்டு பக்கமும் ஒட்டினால் ஒரு பக்க இழுப்பை மறுபக்க இழுப்பு சமன் செய்து தாள் படிந்து நிற்கும். புத்தக அட்டைக்கு உள்பக்கமும் தாள் ஒட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். கொடிக்கு எப்படியும் இரண்டு பக்கமும் சக்கரம் தெரிய வேண்டும் என்பதால் வேலை ஒன்றாகவே முடிந்துவிடுகிறது.

தாளுக்கு நார் ஓடும் திசை உண்டு. பைண்டிங்கில் கிரெயின் என்போம். தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள், நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை. எந்தப் பக்கம் எதிர்க்காமல் வளைகிறதோ நார் அந்த வளைவுக்கு இணையாக ஓடுகிறது. குச்சியில் சுற்றி ஒட்டும் ஓரத்துக்கு இணையாக நார் ஓடினால் ஒட்டு வெடிக்காது. இதைப் பிள்ளைகளுக்கு ஒரு முறை காட்டினால் போதும், அப்புறம் எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுகிறார்கள். குச்சிக்குப் புதுத் தென்னை ஓலையிலிருந்து கிழித்த ஈர்க்கு நல்லது. துடைப்பத்திலிருந்து உருவ வேண்டாம்.

பசைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு ஸ்பூன் மைதாவைக் கட்டியில்லாமல் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெண்மை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்போது பதம். பைண்டிங்கில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவோம். அது விஷம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. போடாத பசை இரண்டு நாளில் புளித்துவிடும். வேண்டும்போது கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் பிள்ளைகள் விழி விரித்துப் பார்ப்பது சக்கரத்தைத்தான். வட்டம் போட்ட காம்பஸின் அளவை மாற்றாமல், அந்த வட்டத்தின் மேலேயே அடுத்தடுத்து வைத்துக்கொண்டு போனால் ஆறு புள்ளிகள் விழுந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். ஒவ்வொரு இடைவெளியையும் பாதியாக்கினால் 12. இன்னொரு முறை பாதியாக்கினால் 24. ஓர் ஆரக்காலுக்கும் அடுத்ததுக்கும் நடுவே 15 டிகிரி. கணக்கு என்றால் ஓடும் ஒரு பையன், இதை முடித்ததும் வீட்டில் இருந்த தட்டுகளை எல்லாம் கவிழ்த்து வைத்து வட்டம் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தான். காம்பஸ் பிடிக்க வராத சின்னப் பிள்ளைகளுக்கு, சாப்பாட்டுத் தட்டை வைத்து வரைந்து வெட்டிய கருநீல வட்டத்தைக் கொடுத்து மடிக்கச் சொல்வேன். முதலில் பாதி, அதை மூன்றாக, பிறகு பாதி, மறுபடி பாதி. பிரித்தால் 24 பாகம். அதையே கதவில் ஒட்டிக்கொள்ளலாம். இந்தச் சக்கரம் சாரநாத்தில் அசோகர் நிறுத்திய தூணின் தலைப்பில் இருப்பது, 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை இந்தக் கொடியை ஏற்றபோது ராட்டை இருந்த இடத்துக்கு இது வந்தது என்று அப்போது சொன்னால் மனதில் பதிகிறது.

இன்னொன்றையும் நீங்கள் எழுதியே ஆக வேண்டும். கொடியைத் தோரணமாகக் கட்டக் கூடாது. விதித் தொகுப்பே சொல்கிறது: தோரணமாகவோ, ரிப்பன் பூவாகவோ, வேறு எந்த அலங்காரமாகவோ கொடியைப் பயன்படுத்தக் கூடாது, கொடி என்று தவறாக நினைக்கும்படி வேறு வண்ணத் தோரணங்களையும் அமைக்கக் கூடாது. எத்தனை தெருக்களில் சணல் கயிற்றில் நூறு கொடிகளை ஒட்டித் தொங்கவிடுகிறோம்! சென்னையில் ஆகஸ்ட் என்றால் சாயங்கால மழை நிச்சயம். கிரேப் தாளின் சாயம் ஒழுகி, காவியும் பச்சையும் கலந்து, பசை விட்டு, கொடிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும். மறுநாள் காலை தூய்மைப் பணியாளர்தான் அவற்றைக் கூட்டி அள்ள வேண்டியிருக்கிறது.

அதனால் என் கூடத்தில் வீட்டுக்கு ஒரே ஒரு கொடி. அதை அளவெடுத்து, பொறுமையாக, அழகாகச் செய்ய வேண்டும். அலங்காரத்துக்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. தாமரை மடிக்கலாம், மயில் வெட்டலாம். ஓலைக் காற்றாடி போலவே தாளில் காற்றாடி செய்து, குண்டூசிக்கும் தாளுக்கும் நடுவே ஒரு மணியைக் கோத்தால் கடற்கரைக் காற்றில் நிற்காமல் சுற்றும்.

எனக்கு மிகவும் பிடித்தது கப்பல். தாளில் கப்பல் செய்யத் தெரியாத பிள்ளை எங்கே இருக்கிறது? இரண்டு கப்பல் செய்து ஒன்றில் காலியோ என்றும் இன்னொன்றில் லாவோ என்றும் எழுதச் சொல்வேன். வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, வெள்ளைக்காரனின் கம்பெனிக்குப் போட்டியாகத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓட்டிய கப்பல்கள் அவை. அட்டையை உருட்டி ஒரு செக்கும் செய்வோம். கோவைச் சிறையில் அவரை இழுக்க வைத்த செக்கு கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. செய்து முடித்த பிள்ளைகளை அவர்கள் பெற்றோர் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். அட்டையில் செய்யும்போதே, இதை மாடு இழுக்காமல் மனிதர் ஏன் இழுத்தார் என்று கேட்டாள் ஒரு சிறுமி. பதில் சொல்லி முடிக்க எனக்குக் குரல் வரவில்லை.

வெள்ளைத் தாளைக் கசக்கிச் சுற்றி முண்டாசும் செய்கிறோம். பாரதியார் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு எங்கள் பேட்டையில்தான், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் இருக்கிறது. பெரிய பிள்ளைகள் நீளமாகத் தாளைச் சுருட்டிக் கொடிமரம் செய்வார்கள். 1932 ஜனவரி 26 அன்று கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவர்ணக் கொடியைக் கட்டிய ஆரியா என்கிற பாஷ்யம் பற்றி அப்போது பேச்சு வரும். அதே மாதத்தில்தான் தடியடிபட்டும் கையிலிருந்த கொடியை விடாமல் திருப்பூர் குமரன் உயிரை விட்டார். 1947 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியைக் கோட்டை அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தாளில் ஒரு கொடியைத் தானே அளந்து செய்த பிள்ளை அந்தக் கொடிக்கு முன்னால் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் சக்கரத்தின் ஆரக்கால்களைத்தான் எண்ணுகிறது.

செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் எல்லா விதத் தாளும் கிடைக்கும். பிரஸ்காரர்களிடம் கேட்டால் ஓரத்தில் வெட்டிய துண்டுத் தாள்களை அள்ளிக் கொடுப்பார்கள். ஜிகினாத் தாள் மட்டும் வேண்டாம் என்பது என் கட்சி. மக்காது, பழைய பேப்பர் கடையிலும் எடுக்க மாட்டார்கள்.

விழா முடிந்ததும் என்ன செய்வது என்பதையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துப் போடுங்கள். காகிதக் கொடியைக் கையில் பிடித்து அசைக்க விதியில் இடமுண்டு, ஆனால் பிறகு தரையில் போடக் கூடாது. தனியாக, மரியாதையோடு அப்புறப்படுத்த வேண்டும். நாங்கள் நல்ல நிலையில் இருப்பதை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் குடியரசு தினத்துக்கு எடுக்கிறோம். கிழிந்ததையும் சாயம் போனதையும் ஒரு நாள் மொட்டை மாடியில் மண் சட்டியில் முழுசாக எரித்துவிடுகிறோம். தீப்பெட்டி பெரியவர்கள் கையில்தான் இருக்கும்.

இதை ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே நீங்கள் போட்டால், பள்ளியிலிருந்து கடைசி நேரத்தில் செய்தி வந்தாலும் பெற்றோர் கையில் அளவு தயாராக இருக்கும். வண்ணம் அடிக்காத வெறும் கோடாகப் போடுங்கள். அதன் மேல் மெல்லிய தாளை வைத்துப் பிள்ளைகள் வரைந்துகொள்வார்கள். அச்சில் அளவு மாறாமல் 22.5-க்கு 15 என்றே வர வேண்டும், பக்கத்தில் இடமில்லை என்று சுருக்கிவிட வேண்டாம். சக்கரத்துக்கு ஆறு புள்ளி, பன்னிரண்டு, இருபத்து நான்கு என மூன்று நிலைகளையும் தனித்தனியாகக் காட்டினால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். கோடு போட்ட மாதிரித் தாள் ஒன்றை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். ஓவியருக்கு உதவும். திருப்பி அனுப்பத் தேவையில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
திருவல்லிக்கேணி, சென்னை.