வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் மழைநாளில் படமெடுப்பதை முறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
பறவை ஆர்வலர் ஒருவர்,
சென்னிமலை.
(பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
ஈரோடு.

பொருள்: கூடு கட்டும் மாதங்களில், மழை நேரத்தில், ஏரிக்கரையில் நின்று படமெடுப்பதை நிறுத்தக் கோருவது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். சென்னிமலையில் போர்வைத் தறி ஓட்டுகிறேன். ஏழெட்டு வருடமாகத் தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு வெள்ளோட்டுக் கரைக்கு வந்துபோகிறேன். இது யார்மீதும் புகார் அல்ல. தவறில் எனக்கும் பங்கு உண்டு.

போன மார்கழியில் ஒரு ஞாயிறு, விடிந்ததிலிருந்தே மழை. ஜவுளிக்கடைப் பையைக் கேமராவின்மேல் கவிழ்த்துக்கொண்டு நாலு பேர் நின்றோம். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரத்தில் ஒரு கூழைக்கடா கூட்டைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அலகை மார்போடு ஒட்டி வைத்திருந்தது. முதுகில் விழுந்த மழை இறக்கை வழியாக வழிந்து கூட்டுக்கு வெளியே சொட்டியது. ஒருமுறை உடம்பைக் கொஞ்சம் தூக்கியபோது அடியில் இரண்டு குஞ்சுகள் தெரிந்தன, வெள்ளைப் பஞ்சு முளைத்தும் முளைக்காமலும்.

பறக்கிற படம் வேண்டும் என்று எங்களில் ஒருவர் கல்லை எடுத்து வீசினார். தண்ணீரில்தான் விழுந்தது. ஆனால் மரமே கலைந்து எழுந்தது. நான் அவரைத் தடுக்கவில்லை, கேமராவைத்தான் தூக்கினேன். தாய்ப்பறவை திரும்பி வந்து உட்காரப் பத்து நிமிடம் ஆயிற்று. அதுவரை குஞ்சுகள் மழையில் கிடந்தன. பக்கத்துக் கூட்டில் காக்கை இறங்கி முட்டையைக் கொத்தியதையும் பார்த்தேன். படம் என்னவோ நன்றாகத்தான் வந்திருக்கிறது. இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

சுற்றுவட்டார ஊர்ப்பிள்ளைகள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, மத்தாப்போடு சரி. அவர்கள் ஊருக்கு வந்து நாங்கள் கல் எறிகிறோம். 2022-ல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்த பிறகு பெரிய லென்சோடு வருகிறவர்களும் கூடிவிட்டார்கள். புதுச் சட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. பறவைக் கூட்டைத் தொந்தரவு செய்வதே வேட்டை என்கிறது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். படமெடுக்க அனுமதி தரும் அதிகாரமும் அதன் 28-ஆவது பிரிவின்படி வனத்துறையிடமே இருக்கிறது.

எனவே, கார்த்திகை முதல் பங்குனி வரை, கூட்டு மரங்களுக்கு நேரே உள்ள கரையில் மழை பெய்யும்போது யாரும் நிற்காதபடி கயிறு கட்ட வேண்டுகிறேன். கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். தூரம் அதிகம்தான், பரவாயில்லை. கல்லெறிதல், கைதட்டுதல், செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிடுதல், டிரோன் ஆகியவை கூடாது என்பதை நுழைவாயிலிலேயே எழுதிவைத்து, மீறுபவரை அன்றே வெளியேற்ற வேண்டுகிறேன். கரை முழுவதையும் ஒரே காவலர் சுற்றிவர முடியாது. அந்த மாதங்களுக்கு மட்டும் ஊர் இளைஞர்களைக் கூலிக்கு அமர்த்தலாம். எங்களை அதட்ட அவர்களைவிட உரிமை உள்ளவர்கள் இல்லை.

ஒரு மழைநாளில் தாங்கள் நேரில் வந்து பார்வையிட வேண்டுகிறேன். எந்த மரம் என்று நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்
இடம்: சென்னிமலை